வீட்டிலிருந்து ஒரு பதிப்பகம்

நூல் எழுதுவது ஒரு பணி; அதனை வெளியிடுவது வேறொரு பணி. எழுதியவரே செலவை ஏற்றுத் தம் நூலை அச்சிட்டு விற்பதைச் சொந்த வெளியீடு என்கிறோம். இதற்குப் பெரிய அலுவலகம் தேவையில்லை. ஒரு மேசை, ஒரு கணினி, இணைய வசதி, நூல்களை அடுக்கி வைக்க ஈரமில்லாத ஓர் அறை ஆகியவை இருந்தால் வீட்டிலேயே பதிப்பகத்தைத் தொடங்கிவிடலாம். ஆனால், தொடங்குவது எளிது என்பதால் நடத்துவதும் எளிது என்று எண்ணிவிடக் கூடாது.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்களுக்குச் சொந்த வெளியீடு புதிதன்று. நம் நாட்டுக் கதைகளுக்கும் கவிதைகளுக்கும் நெடுங்காலமாக நாளிதழ்களின் ஞாயிறு பதிப்புகளே களமாக இருந்து வந்துள்ளன. இதழில் வந்த படைப்புகள் மறுநாளே பழைய தாளோடு போய்விடும். அவற்றை நூலாக்கி நிலைக்கச் செய்ய விரும்பியவர்களுள் பலர் தம் கைப்பணத்தைப் போட்டே அச்சிட்டனர். 1924-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் நேசன் நாளிதழ் 2019-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நின்றுபோனது. இதழ்களில் இடம் குறையக் குறைய, எழுத்தாளரே பதிப்பாளராக வேண்டிய தேவை மிகுகிறது.

அச்சான நூல் பெரும்பாலும் வெளியீட்டு விழாவில்தான் மக்களைச் சென்றடைகிறது. கோலாலம்பூர் விஸ்மா துன் சம்பந்தனில் உள்ள டான்ஸ்ரீ கே.ஆர். சோமா அரங்கம் இத்தகைய விழாக்களுக்குப் பெயர் பெற்றது. தலைவர் ஒருவர் நூலை வெளியிடுவார். பிரமுகர் ஒருவர் முதற்படியைப் பெற்றுக்கொள்வார். உறவினரும் நண்பரும் வரிசையில் நின்று அன்பளிப்பு வழங்கி நூலைப் பெறுவர். அன்று மாலை மகிழ்ச்சியாகவே முடியும். மறுநாள்தான் உண்மையான கேள்வி எழும். மீதமுள்ள நூல்களை யார் வாங்குவார்? விடை தெரியாவிட்டால், பெட்டிகள் கட்டிலுக்கு அடியிலும் படிக்கட்டுக்கு அடியிலும் பல ஆண்டுகள் தங்கிவிடும். அச்சுக்காகப் பெற்ற கடனும் அவற்றோடு தங்கிவிடும்.

ஆகவே, வீட்டிலிருந்து பதிப்பகம் நடத்த விரும்புவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் ஒன்றே: அச்சகத்தைத் தேடுமுன் வாசகரைத் தேட வேண்டும்.

முன்னோடிகள் காட்டிய வழி

இப்பாடத்தை நம் முன்னோரிடமே காணலாம். கும்பகோணத்தில் கல்லூரி ஆசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அவரிடம் புலமை இருந்தது, பொருள் இல்லை. எனவே, நூலை வாங்கிக்கொள்வதாகப் பலரிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றார். அந்தக் கையொப்பங்கள் அவருக்குப் பண உதவிக்கு வழிகாட்டியதோடு, நூலை எதிர்பார்த்துக் காத்திருப்போர் யார் என்பதையும் காட்டின. இன்று நாம் முன்பதிவு என்று கூறுவது இதனையே.

இதற்கு மாறான ஒரு நிகழ்வும் உண்டு. மகாகவி பாரதியார் 1920-ஆம் ஆண்டு தம் எழுத்துகள் அனைத்தையும் 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடத் திட்டமிட்டார். அதற்கான பணத்தைக் கடனாகத் தந்து உதவுமாறு அன்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அவர் தம் எழுத்தின் மீது கொண்ட நம்பிக்கை பொய்யன்று. பிற்காலத்தில் அவருடைய நூல்கள் எண்ணற்ற பதிப்புகளைக் கண்டன. ஆயினும், அத்திட்டத்திற்கு வேண்டிய பணம் சேரவில்லை. 1921-ஆம் ஆண்டு அவர் மறைந்தார்; திட்டம் நிறைவேறாமலே போயிற்று. எழுத்து உயர்ந்ததாக இருந்தாலும் அதனை அச்சிட முதல் வேண்டும். அந்த முதல் திரும்பி வரும் வழியும் தெரிய வேண்டும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

சிறிதாகத் தொடங்கி வளர்ந்ததற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று உண்டு. எழுத்தாளர் வெர்ஜீனியா வுல்ஃப்பும் அவர் கணவர் லெனர்ட் வுல்ஃப்பும் 1917-ஆம் ஆண்டு ஏறத்தாழ 19 பவுன் விலையில் ஒரு சிறிய கை அச்சு இயந்திரத்தை வாங்கினர். அதனைத் தம் வீட்டு உணவறையில் வைத்து அச்சுக் கோக்கத் தாமே கற்றுக்கொண்டனர். ஹோகார்த் பதிப்பகம் என்று அவர்கள் பெயரிட்ட அந்த முயற்சியின் முதல் வெளியீட்டில் இருவரும் எழுதிய கதை ஒவ்வொன்று இடம்பெற்றது. அவர்கள் அச்சிட்டவை 150 படிகள் மட்டுமே. 1919-இல் வெர்ஜீனியாவின் மற்றொரு கதையையும் அவ்வாறே 150 படிகள் வெளியிட்டனர். இதழ் ஒன்றில் அதற்கு நல்ல மதிப்புரை வந்ததும் நூல் கேட்டுக் கடிதங்கள் குவிந்தன. அதன் பிறகே வெளி அச்சகத்தில் 500 படிகள் மறுபதிப்புச் செய்தனர். தேவை தெரிந்த பின்னரே எண்ணிக்கையைக் கூட்டியது அவர்களுடைய விவேகம்.

நம் கிள்ளானுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. ஆசிரியராகப் பணியாற்றிய கவிஞர் முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்னும் பெருநூலை உருவாக்கினார். அது 1997-ஆம் ஆண்டு கிள்ளான் அருள்மதியம் பதிப்பகத்தின் வழி வெளிவந்தது. சிதறிக் கிடந்த கவிதைகள் ஒரே நூலில் கிடைத்ததால், இன்றைய ஆய்வாளர்களும் அதனை நாடுகின்றனர். ஒரு தனிமனிதரின் உழைப்பும் ஓர் உள்ளூர்ப் பதிப்பகமும் சேர்ந்தால் ஓர் இனத்தின் இலக்கிய நினைவையே காக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

அவருடைய மகன் முத்து நெடுமாறன் 1985-ஆம் ஆண்டு ‘முரசு’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அதுவே பின்னர் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்தது. ஒரு காலத்தில் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோக்க அச்சுக்கூடத்தை நாட வேண்டியிருந்தது. கணினியில் தமிழ் வந்த பின்னர் அப்பணி வீட்டு மேசைக்கே வந்துவிட்டது.

பதிவும் சட்டமும்

வீட்டில் நடப்பது என்றாலும் இதுவும் ஒரு தொழிலே. வருமானம் ஈட்டும் நோக்கில் பதிப்பகம் தொடங்குபவர் அதனை மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தொழிலைத் தொடங்கிய 30 நாளுக்குள் பதிவு செய்வது கட்டாயம். சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக்கு ரி.ம. 30-உம், தனி வணிகப் பெயர் வைத்தால் ஆண்டுக்கு ரி.ம. 60-உம் கட்டணமாகும். பதிவு செய்பவர் 18 வயதை நிறைவு செய்திருக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் வசிப்போர் கட்டட நிர்வாகத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும் விதிமுறைகளைக் கேட்டறிவது நல்லது.

ஒவ்வொரு நூலுக்கும் அனைத்துலகத் தர நூல் எண் பெற வேண்டும். இதனை ஐ.எஸ்.பி.என். எனச் சுருக்கமாகக் கூறுவர். கோலாலம்பூர் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள மலேசியத் தேசிய நூலகம் இதனைக் கட்டணமின்றி வழங்குகிறது. இவ்வெண்ணில் 13 இலக்கங்கள் உண்டு. 978-க்குப் பின் 967, 983 அல்லது 629 என்று வந்தால் அது மலேசிய வெளியீடு என அறியலாம். ஒரே நூலை அச்சு நூலாகவும் மின்னூலாகவும் வெளியிட்டால் இரண்டுக்கும் வெவ்வேறு எண் வேண்டும். இந்த எண் இருந்தால்தான் கடைகளும் நூலகங்களும் நூலை எளிதில் அடையாளம் கண்டு தருவிக்க முடியும்.

நூல் வெளிவந்த பிறகும் ஒரு கடமை உண்டு. 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டத்தின்படி, அச்சு நூலின் 5 படிகளைப் பதிப்பாளர் தம் செலவில் ஒரு மாதத்திற்குள் தேசிய நூலகத்திடம் ஒப்படைக்க வேண்டும். சிலர் இதனை வீண்செலவாகக் கருதுகின்றனர். உண்மையில் இதுவே நூலின் காப்புறுதி. வீட்டில் உள்ள படிகள் வெள்ளத்திலோ கறையானிடமோ அழிந்தாலும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் வாசகர் அந்நூலைத் தேசிய நூலகத்தில் காண இயலும்.

1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தையும் பதிப்பாளர் அறிந்திருக்க வேண்டும். நூலில் அச்சிட்டவர், பதிப்பித்தவர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும் மலாய் மொழியிலோ ஆங்கிலத்திலோ தெளிவாக இடம்பெற வேண்டும். உரிமம் பெற்ற அச்சகத்திலேயே நூலை அச்சிட வேண்டும். பருவ இதழ் நடத்த விரும்புவோர் உள்துறை அமைச்சிடம் தனியே அனுமதி பெறுதல் வேண்டும்.

மற்றொன்று பதிப்புரிமை. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓர் இலக்கியப் படைப்புக்கு எழுதியவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 50 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பிறருடைய கவிதை, ஓவியம், நிழற்படம் ஆகியவற்றைப் பயன்படுத்த விரும்பினால் எழுத்துவழி ஒப்புதல் பெற வேண்டும். இணையத்தில் கண்ட படம் யாருக்கும் சொந்தமில்லாத படமன்று.

கையெழுத்துப் படியிலிருந்து நூல்வரை

எழுதி முடித்ததும் நூல் ஆயத்தமாகிவிடுவதில்லை. முதலில் மொழியறிந்த வேறொருவர் அதனைச் செம்மைப்படுத்த வேண்டும். எழுதியவர் கண்ணுக்குத் தம் பிழை தெரிவதில்லை. தாம் எழுத நினைத்ததையே அவர் படிக்கிறார். ஒற்றுப் பிழை, லகர ளகர ழகர வேறுபாடு, பெயர், ஆண்டு ஆகியவற்றை வரிக்கு வரி சரிபார்த்தல் வேண்டும். செலவைக் குறைக்க விரும்புவோர் பலர் முதலில் கைவிடுவது இப்பணியைத்தான். ஆனால், வாசகர் முதலில் கண்டுபிடிப்பதும் அந்தப் பிழையையே.

அடுத்தது பக்க வடிவமைப்பு. தமிழ் எழுத்துருக்களில் கவனம் தேவை. பழைய குறியாக்கத்தில் தட்டச்சு செய்த கோப்பைப் புதிய மென்பொருளில் திறந்தால் எழுத்துகள் புரியாத குறிகளாக மாறிவிடும். எனவே, தொடக்கம் முதலே ஒருங்குறி எழுத்துருவைப் பயன்படுத்துவது நல்லது. அச்சகத்திற்குக் கோப்பை அனுப்புமுன் எழுத்துரு அதனுள் பதிந்துள்ளதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். ஒரு பெரிய தாளை மடித்தால் பெரும்பாலும் 16 பக்கங்கள் கிடைக்கும். அதனால் 112, 128, 144 என்று 16-இன் மடங்காகப் பக்கங்களை அமைத்தால் தாள் வீணாகாது.

அச்சிடும் முறை இரண்டு. ஆப்செட் முறையில் தொடக்கச் செலவு அதிகம். படிகள் கூடக்கூட ஒரு படியின் செலவு குறையும். எண்ணிம முறையில் தொடக்கச் செலவு குறைவு. ஆனால், ஒரு படியின் செலவு ஏறக்குறைய மாறாமல் இருக்கும். ஆயிரக்கணக்கில் விற்கும் பயிற்சி நூலுக்கு முதலாவது பொருந்தும். சில நூறு வாசகரைக் கொண்ட சிறுகதை, கவிதை நூல்களுக்கு இரண்டாவதே பொருந்தும்.

கணக்கு சொல்லும் உண்மை

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வசிக்கும் ஆசிரியர் ஒருவர் 128 பக்கச் சிறுகதைத் தொகுப்பை வெளியிடுவதாகக் கொள்வோம். கீழ்வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக அமைத்தவை. அச்சகத்துக்கு அச்சகம் விலை மாறும்.

செம்மையாக்கம், வடிவமைப்பு, அட்டை ஓவியம் ஆகியவற்றுக்கு ரி.ம. 1,200 செலவாகிறது. 300 படிகள் அச்சிட்டால் ஒரு படிக்கு ரி.ம. 8 வீதம் ரி.ம. 2,400 ஆகும். மொத்தச் செலவு ரி.ம. 3,600. 1,000 படிகள் அச்சிட்டால் ஒரு படிக்கு ரி.ம. 5 வீதம் ரி.ம. 5,000 ஆகும். மொத்தச் செலவு ரி.ம. 6,200. முதல் வழியில் ஒரு நூலின் அடக்கவிலை ரி.ம. 12, இரண்டாம் வழியில் ரி.ம. 6.20 மட்டுமே. இதைப் பார்த்ததும் ஆயிரம் படிகளே இலாபம் என்று தோன்றும்.

இப்போது விற்பனையைப் பார்ப்போம். நூலின் விலை ரி.ம. 25. நேரடியாக 100 படிகள் விற்றால் ரி.ம. 2,500 கிடைக்கும். கடைகளுக்கு 40 விழுக்காடு கழிவு கொடுத்தால் ஒரு படிக்கு ரி.ம. 15 வரும், 100 படிகளுக்கு ரி.ம. 1,500. ஆக, 200 படிகள் விற்றால் வரவு ரி.ம. 4,000. முன்னூறு படிகள் அச்சிட்டவருக்கு ரி.ம. 400 மிஞ்சும். ஆயிரம் படிகள் அச்சிட்டவருக்கோ ரி.ம. 2,200 பற்றாக்குறை, அதோடு வீட்டில் 800 நூல்கள். அடக்கவிலை குறைந்ததால் இலாபம் வரவில்லை. விற்காத நூல் அந்த மலிவை விழுங்கிவிட்டது. முன்னூறும் விற்றுத் தீர்ந்தால் மறுபதிப்புச் செய்யத் தடை எதுவுமில்லை.

இக்கணக்கில் விடுபட்ட செலவுகளும் உண்டு. அஞ்சல் கட்டணம், உறை, தேசிய நூலகத்திற்கான 5 படிகள், மதிப்புரைக்குத் தரும் படிகள், விழா மண்டப வாடகை, சிற்றுண்டி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். விழாச் செலவு அச்சுச் செலவை மிஞ்சினால் அது நூலுக்கான விழாவன்று, விழாவுக்கான நூலாகும். வீட்டுப் பணத்தையும் பதிப்பகப் பணத்தையும் ஒரே கணக்கில் வைக்காமல் தனித்தனியே பிரித்தல் மிக முக்கியம். வரவு செலவுச் சீட்டுகளை வருமான வரித் தேவைக்காக 7 ஆண்டுகள் பாதுகாத்து வைக்க வேண்டும்.

வாசகரைத் தேடுதல்

வாசகர் தாமாக வீட்டு வாசலுக்கு வருவதில்லை. எழுதத் தொடங்கும்போதே ‘இந்நூல் யாருக்கு?’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். தோட்ட வாழ்க்கையைச் சொல்லும் நாவலை அத்தோட்டத்தில் வாழ்ந்தவரும் அவர் பிள்ளைகளும் தேடிப் படிப்பர். சிறுவர் பாடல் நூலைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் பாலர் பள்ளி நடத்துவோரும் நாடுவர். இவ்வாறு பட்டியலிட்டால், அச்சிட வேண்டிய எண்ணிக்கை ஓரளவு தெளிவாகிவிடும்.

பின்னர் அப்பட்டியலில் உள்ளோருக்குப் புலனம், முகநூல் வழியாக நூலின் அட்டையையும் ஒரு பக்கத்தையும் அனுப்பி முன்பதிவு கோரலாம். பெயர், முகவரி, படிகளின் எண்ணிக்கை, செலுத்திய தொகை ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டும். முன்பதிவில் வந்த பணம் இன்னும் பதிப்பாளரின் பணமாகிவிடவில்லை. நூல் வாசகரின் கையில் சேர்ந்த பிறகே அது அவருக்கு உரியது. சொன்ன நாளில் நூலை அனுப்ப இயலாவிட்டால், காரணத்தையும் புதிய நாளையும் உடனே தெரிவிக்க வேண்டும். ஒரு முறை ஏமாந்தவர் அடுத்த நூலை மட்டுமன்று, வேறு எழுத்தாளர் கேட்கும் முன்பதிவையும் மறுத்துவிடுவார்.

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தன், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா போன்ற வீதிகளில் தீபாவளிக் காலத்தில் தமிழர் பெருந்திரளாகக் கூடுவர். கடைக்காரர் இசைந்தால் அங்கு நூல்களை வைக்கலாம். விற்ற பிறகு பணம் தருவதாகக் கடைகள் நூல்களைப் பெற்றுக்கொள்வதுண்டு. அவ்வாறெனில், எத்தனை படிகள் கொடுத்தோம், எந்த நாளில் கணக்குப் பார்ப்போம் என்பதைச் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுதல் வேண்டும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பினால், பணத்தோடு நட்பும் போய்விடும்.

நூலகமும் பள்ளியும் நல்ல வாசகக் களங்களே. கோலாலம்பூர் மாநகரை யுனெஸ்கோ 2020-ஆம் ஆண்டுக்கான உலகப் புத்தகத் தலைநகரமாக அறிவித்தது. அப்பெருமை பெற்ற நகரில் தமிழ் நூலும் படிக்கப்பட வேண்டுமானால், எழுதுவோர் மட்டும் போதாது. விலை கொடுத்து வாங்கிப் படிப்போரும் வேண்டும். நூலை இலவசமாக எதிர்பார்ப்பது எழுத்தாளருக்குச் செய்யும் மரியாதையாகாது.

நிறைவாக

வீட்டுப் பதிப்பகம் பெருஞ்செல்வத்தைத் தராமல் இருக்கலாம். முறையாக நடத்தினால் போட்ட முதலை மீட்டுத் தந்து அடுத்த நூலுக்கு வழிவகுக்கும். அடுத்த நூல் வருவதே ஒரு பதிப்பகத்தின் உண்மையான வெற்றி. கடன்பட்டு ஒரே நூலோடு ஓய்ந்துபோன எழுத்தாளர்களால் இலக்கியம் இழந்தவை ஏராளம்.

மாணவர்களாகிய நாம் இன்றே தொழிலைப் பதிவு செய்ய இயலாது. ஆயினும், வகுப்பில் எழுதும் கதைகளைத் தொகுக்கலாம். ஒருவர் செம்மைப்படுத்த, ஒருவர் வடிவமைக்க, ஒருவர் கணக்கெழுதலாம். ஆசிரியரின் ஒப்புதலோடு, எத்தனை பேர் வாங்குவர் என்று முதலில் கேட்டறிந்து, அத்தனை படிகளை மட்டும் உருவாக்கலாம். அகலக்கால் வைக்காமல் அளவறிந்து செயல்படும் பழக்கத்தை அந்தச் சிறிய தொகுப்பே கற்றுத் தரும்.

அருஞ்சொற்பொருள்

சொந்த வெளியீடு – எழுதியவரே செலவை ஏற்று வெளியிடும் நூல்
செம்மையாக்கம் – பிழை நீக்கி எழுத்தைச் சீர்ப்படுத்துதல்
அடக்கவிலை – ஒரு பொருளை உருவாக்க ஆகும் செலவு
கழிவு – விற்பவருக்காக விலையில் விட்டுக்கொடுக்கும் தொகை
ஒருங்குறி – எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்க முறை
அகலக்கால் வைத்தல் – தகுதிக்கும் வசதிக்கும் மீறிய செயலில் இறங்குதல்

கருத்துணர் கேள்விகள்

1. உ.வே. சாமிநாதையர் பெற்ற கையொப்பங்கள் அவருக்கு எவ்வகையில் உதவின?
2. பாரதியாரின் 1920-ஆம் ஆண்டுத் திட்டத்தையும் ஹோகார்த் பதிப்பகத்தின் தொடக்கத்தையும் ஒப்பிடுக.
3. தேசிய நூலகத்திற்கு 5 படிகள் ஒப்படைப்பதை ‘நூலின் காப்புறுதி’ என்று கூறுவது ஏன்?
4. பனுவலில் உள்ள எடுத்துக்காட்டின்படி, 300 படிகள் அச்சிட்டவர் 100 படிகளை நேரடியாக விற்றபின், கடைகளின் வழி குறைந்தது எத்தனை படிகள் விற்றால் ரி.ம. 3,600-ஐ மீட்க முடியும்? கணக்கிட்டு விளக்குக.
5. ‘முன்பதிவில் வந்த பணம் இன்னும் பதிப்பாளரின் பணமாகிவிடவில்லை.’ இக்கூற்று உணர்த்தும் நெறியை உம் சொந்தக் கருத்தோடு விளக்குக.